மனநலப் பிரிவுக்கு அனுப்பியதால் குடல் நோய் பொய்யாகிவிடாது

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு சகோதரர் தம் தங்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தங்கை ஆசிரியை, நாள்தோறும் காலையில் குருமன்வெளித் துறையில் பாதை எனப்படும் மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து, மேற்குக் கரையான படுவான்கரையில் உள்ள பாடசாலை ஒன்றுக்குப் போய் வருகிறார். சில வருடங்களாக அடிவயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலி, வீட்டை விட்டுப் புறப்படுமுன் பல தடவை மலசலகூடத்துக்கு ஓட வேண்டிய அவசரம், சில நாட்களில் அதற்கு நேர்மாறாக மலச்சிக்கலும் வயிற்றுப் பொருமலும். இரத்தப் பரிசோதனை, ஸ்கான், கடைசியில் பெருங்குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி வரை செய்துவிட்டு, குடலில் ஒன்றுமில்லை, இது ஐ.பீ.எஸ். (எரிச்சலுறு குடல் நோய்) என்று சொல்லி, மனநலப் பிரிவுக்கும் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். கடிதத்தைக் கண்ட தாய், "எண்ட புள்ளைக்கு விசர் எண்டா சொல்றாங்க?" என்று அழுதிருக்கிறார். கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் கிளினிக் வாசலில் யாராவது கண்டுவிட்டால் என்ன ஆகும் என்பது வீட்டாரின் அடுத்த கவலை. வயிற்றில் இருக்கும் நோய்க்கு மனதுக்குச் செய்யும் சிகிச்சை எப்படி உதவும், உதவுமென்றால் அதை நம் பக்கத்தில் எங்கே பெறுவது என்பதே அவருடைய கேள்வி.

தாயாரின் அழுகைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். அது தீராமல் வேறெதுவும் அந்த வீட்டில் எடுபடாது. கொலனோஸ்கோப்பியில் ஒன்றும் காணவில்லை என்றால், குடலின் உட்சுவரில் புண்ணோ கட்டியோ அழற்சியோ இல்லை என்று கொள்ள வேண்டும். பிள்ளை வலியைக் கற்பனை செய்கிறாள் என்று அந்த அறிக்கையில் எங்கும் எழுதப்பட்டிருக்காது. குடற்சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்புக் கலங்கள் இருக்கின்றன. உடலிலுள்ள செரோடோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில்தான் உண்டாகிறது. மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றவை. இந்த நரம்புகள் அளவு மீறிக் கூர்மையடைந்திருப்பதைக் கமரா படம் பிடிக்காது. ஆனால் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் சிறு பலூனை வைத்து மெல்ல மெல்லக் காற்றூதிப் பார்த்தபோது, மற்றவர்கள் வெறும் நிறைவாக உணர்ந்த அளவிலேயே ஐ.பீ.எஸ். நோயாளர்களில் பலர் வலியை உணர்ந்தார்கள் என்பது 1973ஆம் ஆண்டிலேயே பதிவாகிவிட்டது. தங்கைக்கு வலிக்கிறது என்பதில் எவருக்கும் சந்தேகம் வரத் தேவையில்லை.

நரம்புகள் இப்படிக் கூர்மையாவதற்குப் பல காரணங்கள் உண்டு. கிருமித் தொற்றால் வந்த கடும் வயிற்றோட்டத்துக்குப் பிறகு ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் தொடங்குகிறது, மாரி வெள்ளம் கிணறுகளுக்குள் இறங்கிவிடும் நம் கிராமங்களில், "இது தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பெரிய வயிற்றோட்டம் ஏதும் வந்ததா?" என்று கேட்க மறக்கக் கூடாது. ஒருமுறை கள்ளன் புகுந்த வீட்டு நாய், அதன்பிறகு வேலியோரம் போகிற சின்னப் பிள்ளையைக் கண்டும் குரைப்பதைப் போல, தொற்று நீங்கிய பின்னும் அந்த நரம்புகள் சாதாரணச் சாப்பாட்டுக்கும் சாதாரண வாயுவுக்கும் ஆபத்தென்று மூளைக்கு அறிவிக்கின்றன. மூளை அதைக் கேட்டுப் பதற்றமடைய, அந்தப் பதற்றம் நரம்புகள் வழியாகவும் ஓமோன்கள் வழியாகவும் திரும்பக் குடலை வந்தடைய, குடல் இன்னும் தாறுமாறாக இயங்குகிறது. உணவு மாற்றமும் மெபெவரின் போன்ற மாத்திரைகளும் இந்த வட்டத்தைக் குடலின் பக்கத்திலிருந்து தளர்த்துகின்றன. உளவியல் சிகிச்சை மூளையின் பக்கத்திலிருந்து தளர்த்துகிறது. இரண்டும் ஒரே நோய்க்கான வைத்தியந்தான்.

இதைச் சொல்லும்போதே, எந்த நிலையில் உளவியல் சிகிச்சையைப் பற்றிப் பேசக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், நித்திரையிலிருந்து எழுப்பிவிடும் வயிற்றோட்டம், விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரத்தச்சோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மலப்பழக்க மாற்றம், குடும்பத்தில் குடற் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ இருத்தல் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால், உடலைத் தீர விசாரித்து முடித்த பிறகுதான் மற்றப் பேச்சு. மலத்தில் கல்புரோட்டெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை, குடலில் அழற்சி இருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். தங்கைக்குக் கொலனோஸ்கோப்பியே செய்தாகிவிட்டது. மேற்சொன்ன அறிகுறிகளும் இல்லையென்றால், ஐ.பீ.எஸ். என்ற முடிவை நம்பிச் சிகிச்சையைத் தொடங்கலாம். வைத்தியரை மாற்றி மாற்றி அதே பரிசோதனைகளைத் திரும்பச் செய்துகொண்டிருப்பதும் நோயை வளர்க்கும். ஒவ்வொரு அறிக்கையும் இரண்டு நாட்களுக்கு நிம்மதியைத் தந்துவிட்டு, மூன்றாம் நாள் பழைய பயத்தைக் கூட்டிக்கொண்டு வருவதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். ஐ.பீ.எஸ். நோய்க்கு அதிகம் ஆராயப்பட்ட உளவியல் சிகிச்சை அறிகை நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாகச் சீ.பீ.ரீ. என்பார்கள். இது மனதில் உள்ளதையெல்லாம் கொட்டி அழும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது ஒரு பயிற்சி. வீட்டுப்பாடம் உண்டு, கொப்பியும் பேனையும் வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்கள் ஒரு குறிப்பேடு எழுதச் சொல்வார்கள். எத்தனை மணிக்கு வலி வந்தது, அதற்குச் சற்று முன் எங்கே இருந்தார், மனதில் என்ன ஓடியது, வலி வந்ததும் என்ன செய்தார், அதன் பிறகு வயிறு என்ன செய்தது என்பவற்றை நாலைந்து வரிகளில் எழுதினால் போதும். தங்கையின் குறிப்பேட்டில் இப்படி ஒரு பக்கம் இருக்கக்கூடும்: "காலை 6.15. குருமன்வெளித் துறை. பாதை அந்தப் பக்கம் நிற்கிறது. இங்கே கழிப்பறை இல்லையே, நடு வாவியில் வந்துவிட்டால் மானம் போய்விடுமே என்று நினைத்தேன். வயிறு முறுக்கியது. வீட்டிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல்தான் வந்தேன். வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோப்பரமைட் ஒன்று போட்டேன். கடந்து முடிந்ததும் வலி குறைந்தது. பாடசாலையில் பத்து மணிக்குத் தலை சுற்றியது."

இந்த ஒரு பக்கத்தில் சிகிச்சைக்கு வேண்டிய பலதும் இருக்கின்றன. வலி துறையில் கூடி மறுகரையில் குறைகிறது. சாப்பாட்டைக் குற்றஞ்சாட்ட முடியாது, ஏனென்றால் அவர் சாப்பிடவே இல்லை. வெறும் வயிற்றோடு போவதும், முன்கூட்டியே மாத்திரை போடுவதும், துறைக்கு மிக முந்திப் போய்க் காத்து நிற்பதும் அந்த நேரத்துக்குக் காப்பாற்றுகின்றன; ஆனால் "இவற்றைச் செய்ததால்தான் இன்று தப்பினேன்" என்ற எண்ணத்தை மூளையில் பதித்துவிடுகின்றன. நாளைக்கும் பயம் அப்படியே இருக்கும், மாத்திரையும் கூடும். சிகிச்சையாளர் இவற்றை ஒரேயடியாக விடச் சொல்லமாட்டார். சனிக்கிழமை தமையனோடு துறைக்குப் போய்க் கடக்காமல் சும்மா நின்று பார்ப்பது, பிறகு கடந்து உடனே திரும்பி வருவது, பிறகு இரண்டு இடியப்பம் சாப்பிட்டுவிட்டுக் கடப்பது, பிறகு மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போடாமல் கடப்பது என்று படிப்படியாகப் போவார்கள். ஒவ்வொரு படியிலும், நடக்குமென்று பயந்தது நடந்ததா என்று எழுதிப் பார்ப்பார்கள். அடிவயிறு உயர்ந்து தாழும்படி மெதுவாக மூச்சு விடும் பயிற்சியும் கூடவே நடக்கும். மூச்சை வெளியே விடும் நேரம் உள்ளே இழுக்கும் நேரத்தைவிட நீண்டதாக இருக்க வேண்டும். வலி வந்த பிறகு தொடங்கினால் பலன் குறைவு. வலியில்லாத நேரத்தில் தினமும் இரண்டு வேளை பழகியவருக்குத்தான் துறையில் அது கைகொடுக்கும்.

இது வெறும் ஆறுதல் வார்த்தை என்று நினைப்பவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 558 நோயாளர்களை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வில், வழமையான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களையும், அதனோடு தொலைபேசி மூலமாகவோ இணையம் மூலமாகவோ சீ.பீ.ரீ. பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். எல்லோரும் முன்பே வேறு சிகிச்சைகள் செய்தும் குணம் காணாதவர்கள். இரண்டு வருடங்கள் கழித்தும் தொடர்பில் இருந்தவர்களில், தொலைபேசியில் சிகிச்சை பெற்றோரில் 71 சதவீதத்தினருக்கும், இணையத்தில் பெற்றோரில் 63 சதவீதத்தினருக்கும், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 46 சதவீதத்தினருக்கும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. எல்லோருக்கும் குணமாகவில்லை என்பதையும், ஒன்றும் கூடுதலாகச் செய்யாதவர்களிலும் பலர் தேறினார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இருந்தாலும் பிரதான வைத்தியசாலைக்கு இரண்டு பஸ் மாறி வர வேண்டிய வெல்லாவெளி, பொத்துவில் பக்கத்தவர்களுக்கு, தொலைபேசியில் செய்தும் இவ்வளவு பலன் கிடைத்தது என்பது பெரிய செய்தி. சிகிச்சையாளரோடு பேசும் மொத்த நேரம் எட்டு மணித்தியாலம் அளவுதான். மற்றதெல்லாம் நோயாளர் தாமே வீட்டில் செய்யும் வேலை.

அடுத்தது, குடலை நோக்கிச் செய்யும் அறிதுயில் சிகிச்சை. ஹிப்னாடிசம் என்றதும் சினிமாவில் வரும் மந்திரவாதி நினைவுக்கு வந்து பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். இங்கே எவரும் நோயாளரைத் தம் வசப்படுத்துவதில்லை. அவர் விழிப்போடு இருப்பார், சொல்வதைக் கேட்பார், விரும்பிய நேரத்தில் கண்ணைத் திறந்து எழுந்து போகலாம். உடலை ஆழமாகத் தளரவிட்டு, வயிற்றில் கையை வைத்து அந்தச் சூடு உள்ளே பரவுவதாக உணரச் செய்து, சீராக ஓடும் நீரைப் போலக் குடல் இயங்குவதாக மனக்கண்ணில் காணப் பழக்குவார்கள். மன்செஸ்டரில் வைத்தியர் பீற்றர் ஹோர்வெல் 1984இல் கடுமையான ஐ.பீ.எஸ். உள்ள 30 பேரைக் கொண்டு இதன் பலனை முதன்முதலில் முறையாகக் காட்டினார். பின்னர் அதே நகரில் சிகிச்சை பெற்ற 1000 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது 76 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். நெதர்லாந்தில் 2019இல் வெளியான ஆய்வு, குழுவாகச் செய்தாலும் தனித்தனியாகச் செய்ததற்குப் பலன் குறையவில்லை என்று காட்டியது. இதற்கென்றே பயிற்சி பெற்றவர்களை நம் மாவட்டங்களில் கண்டுபிடிப்பது கடினம் என்பது எனக்கு வருத்தந்தரும் விடயம். விளம்பரம் போட்டு ஒரே அமர்வில் குணப்படுத்துவதாகச் சொல்பவர்களிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம். முறையான சிகிச்சை வாரம் ஒன்றாகப் பல அமர்வுகள் நடக்கும், இடையில் ஒலிப்பதிவைக் கேட்டு வீட்டிலும் தினமும் பழக வேண்டும்.

குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆகிய குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்களுக்கு நான் சொல்வது வேறு. அங்கே குடற்சுவரில் உண்மையான புண்ணும் அழற்சியும் உண்டு. அதை உளவியல் சிகிச்சை ஆற்றும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. மனம் தெளிந்துவிட்டது என்று அழற்சியை அடக்கும் மருந்துகளான மெசலசீனையோ அசதயோபிரினையோ தாமாக நிறுத்தியவர்கள் மீண்டும் இரத்தப்போக்கோடு வார்ட்டில் படுக்க நேரிடும். ஆனால் அந்நோயாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறிகளும், மூவரில் ஒருவருக்குப் பதகளிப்பு (மனப்பதற்றம்) அறிகுறிகளும் இருக்கின்றன. அழற்சி முழுதாக அடங்கிய பின்னும், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினருக்கு ஐ.பீ.எஸ். போன்ற வலியும் அவசரமும் தொடர்கின்றன. இந்த இரண்டாவது கூட்டத்தினருக்குத்தான் ஆபத்து அதிகம். வலி இருப்பதால் ஸ்டெரொயிட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வலியோ அழற்சியால் வந்ததல்ல. கல்புரோட்டெக்டின் பார்த்து அழற்சி அடங்கியிருப்பது உறுதியானால், மேலே சொன்ன பயிற்சிகளை அவர்களும் செய்து பார்க்கலாம். சத்திரசிகிச்சைக்குப் பின் மலம் சேர வயிற்றில் பொருத்திய பையோடு வாழப் பழகுகிறவர்களுக்கும், குளிப்பது, உடுப்பது, கணவன் மனைவி உறவு என்று எவரும் பேசாத விடயங்களைப் பேசுவதற்கு ஓரிடம் வேண்டும். தாதியர் ஒருவர் கதவைச் சாத்திவிட்டு அரை மணித்தியாலம் பேசினாலே அதில் பாதி நடந்துவிடும்.

மாத்திரையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனநலப் பிரிவிலோ வெளிநோயாளர் பிரிவிலோ அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தால், அது மனச்சோர்வு மாத்திரை என்று பாமசியில் யாரோ சொல்ல, வீட்டார் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைவிட மிக அதிகம். 10 முதல் 30 மில்லிகிராம் வரையான சிறு அளவு குடல் நரம்புகளின் கூர்மையைக் குறைப்பதற்காகக் கொடுக்கப்படுவது. இங்கிலாந்தில் 463 பேரைக் கொண்டு நடந்து 2023இல் வெளியான ஆய்வு அதன் பலனை உறுதிசெய்திருக்கிறது. வாய் உலர்வு, காலையில் தூக்கக் கலக்கம், மலச்சிக்கல் வரலாம். ஆகவே மலச்சிக்கல் அதிகமுள்ளவர்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

நம் மண்ணுக்குரிய ஒரு தயக்கம் உண்டு. யுத்தத்தில் இழந்தவர்கள், 2004இல் கடல் கொண்டுபோன பிள்ளைகளின் பெற்றோர், காணாமற்போன கணவரை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் அந்த அறைக்குள் போனால் அதையெல்லாம் கிளறிவிடுவார்களோ என்று அஞ்சுகிறார்கள். பெருந்துயரைக் கடந்து வந்தவர்களிடம் குடல் நோய் கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான். ஆயினும் மேலே சொன்ன சிகிச்சைகளைத் தொடங்குவதற்குப் பழைய கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "இப்போதைக்கு வயிற்றைப் பற்றி மட்டும் பேசுவோம்" என்று முதல் நாளே சொல்லிவிடலாம். நல்ல சிகிச்சையாளர் அதை மதிப்பார். பேச வேண்டுமென்று நோயாளருக்கே தோன்றும் நாளில், அதற்கென்று நேரம் ஒதுக்கிப் பேசுவது வேறு சிகிச்சை.

காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று சகோதரர்கள் சிலர், வாயு பிரிந்து வுளூ (தொழுகைக்கு முன் கழுவிப் பெறும் தூய்மை) முறிந்துவிடுமே என்ற பயத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போவதையே குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொழுகைக்கு நிற்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றையே கவனித்துக்கொண்டிருந்தால் வயிறு இன்னும் கூடுதலாகப் பேசும். தொடர் நோயாளருக்கு மார்க்கத்தில் உள்ள சலுகையைப் பற்றி ஒரு மௌலவியிடம் கேட்டுத் தெளிவு பெற்றுவிட்டு வந்தால், சிகிச்சையின் பாதிப் பாரம் இறங்கும். மாமாங்கத் திருவிழாக் கூட்டத்துக்குள் போக அஞ்சும் அக்காமாரும் இதே வட்டத்தில்தான் இருக்கிறார்கள்; அவர்களுக்கும் படிப்படியாகப் போகும் முறையே பொருந்தும். நூல் கட்டுவதும் பார்வை பார்ப்பதும் மனதுக்கு ஆறுதல் தருகின்றனவென்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அதற்காக மாத்திரையை விடுவதும், செய்வினை என்று யாரையோ சந்தேகித்து உறவை முறிப்பதும்தான் கூடாது.

எங்கே போவது? மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் அம்பாறைப் பொது வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. பல ஆதார வைத்தியசாலைகளிலும் மனநலக் கிளினிக் நடக்கிறது. எல்லாம் இலவசம். கிளினிக் நாட்களில் கூட்டம் அதிகம், ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஆகவே மருந்தோடு நிற்காமல், "உளவளத்துணையாளரைத் தனியாகச் சந்திக்க ஒழுங்கு செய்து தாருங்கள்" என்று வாய்திறந்து கேட்க வேண்டும். சில பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். மூச்சுப் பயிற்சி, குறிப்பேடு, படிப்படியாகப் பயத்தை எதிர்கொள்ளல் ஆகியவற்றை, ஐ.பீ.எஸ். பற்றி விசேடமாகப் படிக்காத உளவளத்துணையாளரும் வைத்தியரின் வழிகாட்டலோடு செய்விக்கலாம். மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரும் அளவுக்குப் போனவர்கள் கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம், பக்கத்திலுள்ள வைத்தியசாலைக்கும் போகலாம்.

வைத்தியர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கடிதத்தை நீட்டிவிட்டு அடுத்த இலக்கத்தைக் கூப்பிடுவதற்கு முன்னால், "உங்கள் வலி உண்மை, குடலும் மூளையும் பேசிக்கொள்ளும் வழியில் கோளாறு இருக்கிறது, அதைத் திருத்தப் பழக்குபவர்கள் அந்தப் பிரிவில் இருக்கிறார்கள், நீங்கள் என்னிடமும் தொடர்ந்து வர வேண்டும்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் கிடைக்காததால்தான் களுவாஞ்சிகுடி வீட்டில் கடிதம் இன்னும் அலுமாரிக்குள் கிடக்கிறது.

சகோதரர் செய்ய வேண்டியவை சில உண்டு. இந்த வாரமே ஒரு கொப்பியை வாங்கிக் கொடுத்துக் குறிப்பேட்டைத் தொடங்கச் சொல்லுங்கள். கிளினிக் நாள் வருவதற்குள் மூன்று வாரப் பதிவு கையில் இருந்தால் முதல் சந்திப்பே பயனுள்ளதாகும். கொலனோஸ்கோப்பி அறிக்கையையும், இதுவரை போட்ட மாத்திரைகளின் பெயர்களையும், எந்த வருடம் எதற்குப் பிறகு நோய் தொடங்கியது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் காலையில் "இன்றைக்கு எத்தனை தரம் போனாய்?" என்று எல்லோரும் கேட்பதை நிறுத்துங்கள், அக்கறையில் கேட்டாலும், அது அவருடைய கவனத்தை வயிற்றிலேயே கட்டிவைக்கும். தாயாரையும் ஒருநாள் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், சிகிச்சையாளரிடமே கேள்விகளைக் கேட்க விடுங்கள். ஆறு முதல் பத்து அமர்வுகள் வரை ஒழுங்காகப் போய், வீட்டுப்பாடத்தையும் செய்து, அதன் பிறகும் மாற்றம் இல்லையென்றால், குடல் வைத்தியரிடம் திரும்பிச் சென்று மருந்தையும் உணவையும் மீண்டும் பாருங்கள். இடையில் மலத்தில் இரத்தமோ எடைக் குறைவோ புதிதாகத் தோன்றினால், அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் உடனே காட்டுங்கள்.